லைன்லயே இருங்க

பரணின் விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, குப்புறப் படுத்தபடி, கோவிந்தராஜ் கீழே எட்டிப் பார்த்தார்.

மேஜை வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் மேல் அவர் ஏற்றி வைத்திருந்த அரிசி டிரம் மட்டும், கடைசியாக அவர் கால் பட்ட உதையில் கீழே விழுந்து, உருண்டு, வாசற்படி வரை போய் நின்றிருந்தது. மேஜைக்கும் பரணுக்கும் நடுவில் இப்போது ஆறடி வெறும் காற்று. அறுபத்தாறு வயது முழங்காலுக்கு அது ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே தாவலில் தாண்டுவதற்குச் சமம்.

சமையலறையில் குக்கர் முதல் விசில் அடித்தது.

“நாலு மணிக்குப் பருப்பு வெச்சிருங்க. மூணு விசில்ல நிறுத்திருங்க. அடுப்படிய விட்டு நகராதீங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் மீனாட்சி காலை பஸ்ஸில் சேலத்துக்கு, தங்கை மகள் வளைகாப்புக்குப் போயிருந்தாள். திரும்பி வர ஆறு மணியாகும். மணி இப்போது நான்கு பத்து.

அவர் நகர்ந்ததற்குக் காரணம் பேத்தி. பெங்களூரில் ஐந்தாவது படிக்கும் கீர்த்திகா மத்தியானம் போன் செய்து, “தாத்தா, ஸ்கூல்ல ஏதாவது ஒரு பழைய சாமானோட போட்டோ கேட்டிருக்காங்க,” என்றாள்.

“தாத்தாகிட்ட இல்லாததா கண்ணு,” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பழைய சாமான் இப்போது அவர் விலாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. கறுப்பு டெலிபோன். எண் சுழற்றும் வட்டுக்கூட இல்லாத, பக்கவாட்டில் கைப்பிடி வைத்த எஸ்டேட் காலத்துப் போன். செம்மநத்தம் எஸ்டேட்டில் அவர் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது ஆபீசில் இருந்தது. எஸ்டேட்காரர்கள் அதைக் குப்பையில் போட்ட அன்று இவர் துண்டில் சுற்றி எடுத்து வந்துவிட்டார்.

இரண்டாவது விசில்.

சத்தம் போட்டால் ஆள் வராத இடமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், ஐயாக்கண்ணு வீடு. ஐயாக்கண்ணு டெலிபோன் ஆபீசில் கம்பம் ஏறிக்கொண்டிருந்து ரிடையர் ஆனவர். அந்தக் காலத்து மூங்கில் ஏணி ஒன்று இன்னமும் அவர் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது.

ஆனால் இரண்டு வீட்டுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை.

காரணம் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம். வேர் கோவிந்தராஜ் பக்கம், கிளை ஐயாக்கண்ணு பக்கம். காய் யாருக்கு என்று ஆரம்பித்த பேச்சில், “கூத்துல வேஷம் கட்டி ஆடுனவனுக்கு நியாயம் என்ன தெரியும்,” என்று கோவிந்தராஜ் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். ஐயாக்கண்ணு தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போனவர்தான். அதன்பிறகு அந்த மரத்துக் காய்கள் இரண்டு பக்கமும் விழுந்து, யாராலும் பொறுக்கப்படாமல், அணிலுக்கும் குரங்குக்கும் போய்க்கொண்டிருந்தன.

அந்த மனிதரை ஏணிக்காகக் கூப்பிடுவதைவிட பரணிலேயே குடித்தனம் நடத்தலாம்.

மூன்றாவது விசில்.

அவர் செல்போன் சார்ஜ் இறங்கி, அணைந்து, கீழே கிடந்தது. கோவிந்தராஜ் ஹால் ஷோகேஸைப் பார்த்தார். அங்கே, மீனாட்சியின் தஞ்சாவூர் பொம்மைக்குப் பக்கத்தில், தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் பெயர் தோழி.

போன மார்கழியில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, மகள் மோனிஷா பெங்களூரிலிருந்து வந்து அதைப் பொருத்திவிட்டுப் போனாள். “ஏதாவது அவசரம்னா வாயால சொன்னாப் போதும்ப்பா. அதுவே ஆளைக் கூப்பிடும். ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை ஏதாவது ஆச்சு, வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் பெங்களூர் வந்துடணும். ஸ்டூல் ஏறக் கூடாது. பரண் பக்கம் தலை வெச்சும் படுக்கக் கூடாது. சரியா?”

சரி என்று சொல்லியிருந்தார்.

இப்போது அவர் தலையை மட்டுமல்ல, முழு உடம்பையும் வைத்துப் படுத்திருந்தார்.

பெங்களூர் வீடு பதினோராவது மாடி. போன வருஷம் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தார். ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜன்னல். ஏற்காட்டில் பனி வீட்டுக்குள் வந்து, சோபாவில் உட்கார்ந்து, போகும். முப்பத்தெட்டு வருஷ மழையையும் காப்பிப் பூ வாசனையையும் விட்டுவிட்டு அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சாக அவருக்குச் சம்மதமில்லை.

ஆகவே விஷயம் வெளியே தெரியாமல் இறங்க வேண்டும். மீனாட்சி வருவதற்குள். பருப்பு தீய்வதற்குள்.

“ஏனுங்க தோழி,” என்றார்.

பெட்டி பேசாமல் இருந்தது. ஆறு மாதத்தில் இதுவரை ஒரு வார்த்தைகூட அவர் அதனிடம் பேசியதில்லை. ஆள் இல்லாத குரலுடன் தனக்கு என்ன பேச்சு என்று இருந்துவிட்டார். “குரல்னா அது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அம்மா குரல். இதெல்லாம் தகர டப்பா,” என்பார்.

“வணக்கம் தோழி” என்று சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னார். பெட்டியின் தலையில் நீல வெளிச்சம் வட்டமடித்தது.

“வணக்கம். நான் தங்களுக்கு எவ்வாறு உதவட்டும்?”

“ஒரு சின்ன அவசரம்ங்க. யாராச்சும் வரணும்.”

“அவசர உதவி எண்களை அழைக்கும் வசதி இந்தச் சாதனத்தில் இன்னும் இல்லை. தங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ள ஒருவரை அழைக்கலாம். தங்களுக்கு மிக அருகில் இருப்பவர், ஐயாக்கண்ணு. தொலைவு முப்பது மீட்டர். அழைக்கட்டுமா?”

“வேண்டாம்.”

“நன்றி,” என்றது பெட்டி. நீல வெளிச்சம் அணைந்தது.

நான்காவது விசில்.

அடுத்ததாக மீனாட்சியைக் கூப்பிடச் சொன்னார். பஸ் ஏறும் முன்னால் யாரையாவது அனுப்பி வைக்கச் சொல்லலாம். அவளிடம் வாங்கப்போகும் திட்டு வீட்டோடு போகும். மகள்வரை போகாது.

மணி அடித்தது. தோழிக்குள் அல்ல, சமையலறையில். மிக்ஸிக்குப் பக்கத்தில் மீனாட்சியின் போன் பாடிக்கொண்டிருந்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். குக்கரும் போனும் சேர்ந்து பாடின.

“மீனாட்சி பதிலளிக்கவில்லை. தங்களுக்கு மிக அருகில் இருப்பவர், ஐயாக்கண்ணு. அழைக்கட்டுமா?”

“அந்தப் பேரை எடுக்காதீங்க. மாதேஷைக் கூப்பிடுங்க.”

மாதேஷ் வெள்ளக்கடைப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவன். நல்ல பையன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

“சொல்லுங்க ரைட்டரே.”

இங்கேதான் கோவிந்தராஜ் தவறு செய்தார். அவர் பிறந்து வளர்ந்த ஊரில் போனை எடுத்தவுடன் காரியத்தைச் சொல்கிற வழக்கம் இல்லை.

“சாப்டியா கண்ணு?”

“ஆச்சுங்க. நீங்க?”

“இன்னும் இல்ல. அடுப்புல இருக்குது.” ஆறாவது விசில் அதற்குச் சாட்சி சொன்னது. “ஊட்ல எல்லாரும் சௌக்கியமா? புள்ளைக்குச் சளின்னியே.”

“இப்பத் தேவலைங்க. ஏனுங்க ரைட்டரே, ஏதாச்சும் காரியமா கூப்ட்டீங்களா?”

கோவிந்தராஜ் வாயைத் திறந்தார். ‘பரண்ல மாட்டிக்கிட்டேன்’ என்ற இரண்டு வார்த்தைதான். அது மாதேஷ் காதில் விழுந்தால் பத்து நிமிஷத்தில் ஜீப் ஸ்டாண்டில் விழும். ஜீப் ஸ்டாண்டில் விழுந்தது பஸ்ஸில் வரும் மீனாட்சிக்கு அடிவாரத்திலேயே எட்டும்.

“ஒண்ணுமில்ல சாமி. சும்மாதான். இந்தப் பக்கம் வந்தா ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டுப் போ.”

“நாளைக்குக் காலைல வர்றனுங்க.”

“வா. அவசரமில்ல.”

தொடர்பு அறுந்தது. கோவிந்தராஜ் நெற்றியைப் பரண் பலகையில் மெல்ல முட்டிக்கொண்டார்.

ஏழு. எட்டு.

“தோழி, அந்த அடுப்பையாச்சும் நிறுத்துங்க.”

“அடுப்பு என் இணைப்பில் இல்லை. வீட்டு விளக்குகள் மட்டுமே என் இணைப்பில் உள்ளன.”

“எதையாச்சும் நிறுத்தித் தொலைங்க.”

“அவ்வாறே,” என்று வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் பெட்டி அணைத்தது. வெளியே பனி இறங்கி ஜன்னலை மூடியிருந்ததால் மாலை நான்கரைக்கே வீடு கிணறு மாதிரி ஆனது. மேஜை எங்கே இருக்கிறது என்பதும் இப்போது தெரியவில்லை.

“தங்களுக்கு மிக அருகில் இருப்பவர், ஐயா...”

“வேண்டாம்னு சொன்னேன்.”

மிச்சமிருந்தது மாப்பிள்ளை ரஞ்சித். ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை ரகசியம் காப்பான் என்று கூப்பிடச் சொன்னார். ரஞ்சித் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்து குசுகுசுத்தான்.

“சொல்லுங்க மாமா.”

“மாப்ள, மோனிஷாவுக்குத் தெரிய வேண்டாம்.”

இப்படி ஆரம்பித்த எந்தப் பேச்சும் உலகத்தில் தெரியாமல் போனதில்லை. விஷயத்தைச் சொன்னார். ரஞ்சித், “நான் பாத்துக்கறேன் மாமா,” என்றான். ஒரே நிமிஷத்தில் பெட்டி பேசியது.

“மோனிஷா அழைக்கிறார்.”

“எடுக்காதீங்க.”

“குடும்ப அழைப்புகள் தாமாகவே இணைக்கப்படும்.”

“அப்பா.” மகளின் குரல் இருட்டை நிறைத்தது. “என்னப்பா ஆச்சு? ரஞ்சித் ஏதோ உளறுறார்.”

“ஒண்ணுமில்ல கண்ணு. பருப்பு வெச்சேன்.”

“எங்க இருக்கீங்க? எக்கோ அடிக்குது.”

“ஊட்லதான்.”

“வீட்ல எங்க?”

“மேல.”

“நம்ம வீட்ல ஏதுப்பா மேல?”

குக்கர் விசில் அடித்தது.

“இது எத்தனாவது விசில்?”

“மூணாவது.” பன்னிரண்டாவது.

மோனிஷாவின் குரல் இறங்கியது. கோவிந்தராஜுக்குக் கோபத்தைவிட அந்த இறங்கிய குரல்தான் பயம்.

“அப்பா, நான் என்ன உங்க ஜெயிலரா? அம்மா அடிக்கடி வெளியூர் போறாங்க. பக்கத்து வீட்டுக்காரரோட சண்டை. உங்களுக்கு ஒண்ணுன்னா கூப்பிட்ட குரலுக்கு வர அங்க யாருப்பா இருக்கா? ஒருத்தர் பேர் சொல்லுங்க. நான் இந்தப் பேச்சை விட்டுடறேன்.”

நியாயமான கேள்வி. கோவிந்தராஜுக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. முப்பத்தெட்டு வருஷமாக எல்லாக் கேள்விக்கும் அவரிடம் இருக்கும் பதில்.

“இங்க ஒரு அம்மா இருக்காங்க கண்ணு.”

“எந்த அம்மா?”

“நொம்ப நல்லவங்க. பக்கத்துலயேதான் நிக்கறாங்க.”

“அப்ப அவங்ககிட்டக் குடுங்க. நான் அவங்களோட பேசணும். இப்பவே பேசணும்.”

கரண்ட் போனது.

ஏற்காட்டு மின்சாரம் அவருக்குச் செய்த ஒரே உதவி அது. நீல வெளிச்சம் செத்தது. மகளின் குரல் செத்தது. ஒரு நொடி நிம்மதியாக மூச்சு விட்டார். விட்ட மூச்சை இழுத்தபோது தீய்ந்த வாசனை வந்தது.

அப்போதுதான் கவனித்தார். குக்கர் விசில் அடிக்கவில்லை.

அடிக்கிற குக்கரில் தண்ணீர் இருக்கிறது. அடிக்காத குக்கரில் என்ன இருக்கிறது என்பது கடவுளுக்குத்தான் தெரியும். சமையலறைக் கதவு வழியாகப் புகை வெள்ளையாக நுழைந்து, கூரைப் பக்கம் ஏறி, பரண் இருக்கும் உயரத்தில் தங்கத் தொடங்கியது.

கோவிந்தராஜ் கௌரவத்தை மூன்று விநாடி யோசித்தார். நான்காவது விநாடியில் கூப்பிட்டார்.

“ஐயாக்கண்ணு.”

இருமல்தான் வந்தது. மூன்று வருஷமாக அடைத்து வைத்திருந்த பெயர். வெளியே வர வேண்டிய நேரத்தில் புகை அதைத் தொண்டையிலேயே பிடித்துக்கொண்டது. இன்னொரு முறை முயன்றார். அது அவர் காதுக்கே கேட்கவில்லை.

கண் எரிந்தது. கை எதையாவது பற்றத் தேடியது. கிடைத்தது அந்தக் கறுப்புப் போன்.

அது அவரை ஒரு ஐப்பசி மத்தியானத்துக்குக் கொண்டு போனது.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், செம்மநத்தம் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் மீனாட்சிக்கு வலி எடுத்தபோது, மழை பிடித்த பிடியில் சவுக்குமரம் ஒன்று விழுந்து ரோடு அடைத்துவிட்டது. எஸ்டேட் ஜீப் டவுனில். மேனேஜர் துரை கோயமுத்தூரில். இருபத்தெட்டு வயசு ரைட்டர் இந்தப் போனின் கைப்பிடியைச் சுழற்றினார். எண் தெரிய வேண்டாம். பெயர் சொன்னால் போதும். எடுத்தது ஒரு பெண் குரல்.

“எக்ஸ்சேஞ்ச்.”

இவர் அழுதார். அந்தக் குரல் சொன்னது: “லைன்லயே இருங்க ரைட்டரே. வெச்சிராதீங்க. நான் இருக்கறேன்.”

இருந்தது. இரண்டு மணி நேரம். ஒரு கம்பியில் டாக்டரைப் பிடித்தது. இன்னொரு கம்பியில் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ரம்பத்தோடு ஆறு பேரை மரம் அறுக்க அனுப்பியது. நடுநடுவே இவரிடம் திரும்பி வந்து, சுடுதண்ணி வை, ஜன்னலைச் சாத்து, அவங்க கையப் பிடிச்சுக்க என்றது. இவர் பதறிய நேரத்தில் ஒரு தாலாட்டுக்கூடப் பாடியது. ஜீப் வந்து, டவுன் ஆஸ்பத்திரி வாசலில் மோனிஷா பிறந்தாள்.

அடுத்த வாரம் பூந்திப் பொட்டலத்துடன் எக்ஸ்சேஞ்சுக்குப் போனார். ஆபரேட்டர் ஆரோக்கியசெல்வி தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டார். நேரில் கேட்ட குரல் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. கூச்சம் போல என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் அந்த அம்மாவுக்கு மாற்றலாகி, எக்ஸ்சேஞ்சும் மெஷினாக மாறிவிட்டது.

இந்தக் கதையை அவர் சொல்லாத ஆள் ஏற்காட்டில் இல்லை. “அந்தம்மாவையே கட்டியிருக்க வேண்டியதுதான,” என்பாள் மீனாட்சி. பேச்சுவார்த்தை இருந்த காலத்தில் ஐயாக்கண்ணுவிடமும் நூறு தடவை சொல்லியிருக்கிறார். “அங்க என்ன கட்டுப்பாடு தெரியுமா? ஆபரேட்டரைத் தவிர ஒருத்தர் அந்தக் கனெக்சன் போர்டைத் தொடக் கூடாது. தொட்டா தொட்டவருக்கும் வேலை போச்சு, தொட விட்டவங்களுக்கும் வேலை போச்சு. அப்பேர்ப்பட்ட பொறுப்பு.” ஐயாக்கண்ணு அந்த இடம் வந்ததும், “ஆடு கத்துதுங்க,” என்று எழுந்து போய்விடுவார். அவர் வீட்டில் ஆடு இருந்ததில்லை என்பது கோவிந்தராஜுக்கு ஏனோ தோன்றியதே இல்லை.

இப்போது புகை நெஞ்சில் ஏறியது. வேறு வழி தெரியாத மனிதன் செய்யக் கூடியதை அவர் செய்தார். ஒயர் அறுந்து தொங்கிய அந்தப் போனின் கைப்பிடியைச் சுழற்றினார். ரிசீவரைக் காதில் வைத்தார்.

“எக்ஸ்சேஞ்ச்,” என்றார், அழாத குறையாக. “செம்மநத்தம் ரைட்டர் பேசறேனுங்க.”

புகைக்குள்ளிருந்து பதில் வந்தது.

“சொல்லுங்க ரைட்டரே. லைன்லயே இருங்க. வெச்சிராதீங்க. நான் இருக்கறேன்.”

அதே குரல். அதே கனிவு. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நரைகூட விழாத குரல்.

கோவிந்தராஜ் ரிசீவரை எடுத்துப் பார்த்தார். செத்த ஒயர் அவர் விலாப் பக்கம் கிடந்தது.

“அம்மா?”

“மூச்ச மெல்ல இழுங்க. துண்ட மூக்குல கட்டுங்க. அடுப்ப நிறுத்தியாச்சு. கதவத் தெறந்தாச்சு. இதோ ஆள் வந்துக்கிட்டே இருக்குது.” பிறகு அந்தக் குரல் முணுமுணுத்தது. அதே தாலாட்டு.

புகை வெளியேறியது. பனி உள்ளே வந்தது. ஏதோ ஒன்று பரண் விளிம்பில் ‘டக்’ என்று சாய்ந்தது. மூங்கில் ஏணி. ஏணியின் மேல்படியில், நரைத்த முறுக்கு மீசையோடு, ஐயாக்கண்ணு.

“கையக் குடுங்க,” என்றார், தன் கரகரத்த குரலில்.

கோவிந்தராஜ் கையைக் கொடுத்தார். இறங்கினார். ஒவ்வொரு படியிலும் சுற்றுமுற்றும் பார்த்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு ஐயாக்கண்ணுவின் மனைவி வேலம்மாள் நின்றாள். வேறு யாரும் இல்லை.

“அந்தம்மா எங்க?”

“எந்தம்மாங்க?” என்றாள் வேலம்மாள்.

“இப்பப் பேசுனாங்களே. நீங்களா பேசுனீங்க?”

“எனக்குப் போனைத் தொட்டாலே கை நடுங்குமுங்க.”

“அப்ப ஆரோக்கியசெல்வி அம்மா வந்திருக்காங்களா?”

வேலம்மாள் புருஷனைப் பார்த்தாள். “அந்தக்கா போன தை மாசமே தவறிட்டாங்களே ரைட்டருங்க. நாங்க துக்கத்துக்குப் போயிட்டு வந்தமே.”

கோவிந்தராஜ் அரிசி டிரம் மேல் உட்கார்ந்தார்.

ஐயாக்கண்ணு கருகிப்போன குக்கரைக் கொல்லையில் வைத்துவிட்டு வந்தார். துண்டால் கையைத் துடைத்தார்.

“டிரம் உருண்ட சத்தத்துலயே பரண்னு புரிஞ்சுபோச்சு, நாலாவது விசில்ல இருந்து ஏணியும் கையுமா வேலியோரம் நிக்கறேன். அந்தப் பொட்டி எம்பேரைச் சொல்லச் சொல்ல நீங்க வேண்டாம் வேண்டாம்னீங்க. கூப்பிடாத ஊட்டுக்கு எப்படி வர்றது? விசில் நின்னதும், இது சரியில்லைன்னு கொல்லைப் பக்கமா வந்துட்டேன்.”

“கூப்ட்டேன் ஐயாக்கண்ணு,” என்றார் கோவிந்தராஜ். “கடைசில கூப்ட்டேன். சத்தம் வரல. அன்னிக்கு அந்த வார்த்தையச் சொல்லியிருக்கக் கூடாது. கூத்துன்னு.”

“உடுங்க. கூத்துல பொம்பள வேஷம் கட்டுனவன்தான நான்.”

கரண்ட் வந்தது. தோழி அணைத்திருந்த விளக்குகளும் சேர்ந்து எரிந்தன. தோழியின் தலையில் நீலம் சுழன்றது.

“மோனிஷா அழைக்கிறார். இணைக்கிறேன்.”

“அப்பா. அப்பா, இருக்கீங்களா? இருபது நிமிஷமா ட்ரை பண்றேன். நான் கார் எடுத்துட்டேன். இன்னிக்கே வந்து உங்களைக் கூட்டிட்டு வந்துடறேன். பேச்சே கிடையாது.”

“கண்ணு, எனக்கு ஒண்ணும் ஆகல.”

“அந்த அம்மான்னீங்களே. அவங்ககிட்டக் குடுங்க. யாரும் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்கப்பா.”

கோவிந்தராஜ் வாயைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே பனியும், பட்டர் ஃப்ரூட் மரமும், முப்பத்தெட்டு வருஷமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. இல்லை என்று சொல்ல வேண்டியதுதான்.

ஐயாக்கண்ணு பெட்டியின் முன்னால் போய் நின்றார். வேலம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவர் மீசையை ஒதுக்கி, தொண்டையைச் செருமி, தலையை லேசாகச் சாய்த்தார்.

“அம்மிணி, பதறாதீங்க. வண்டிய ஓரமா நிறுத்துங்க. உங்கப்பாரு கல்லுக்குண்டாட்டம் இருக்கறாரு. பருப்பு மட்டுந்தான் தீஞ்சுபோச்சு.”

அதே குரல். முறுக்கு மீசைக்கு அடியிலிருந்து, தேன் வழிகிற மாதிரி, அதே குரல்.

கோவிந்தராஜ் உட்கார்ந்திருந்த டிரம் ஒரு சுற்றுச் சுற்றியது போலிருந்தது. அந்தம்மாவையே கட்டியிருக்க வேண்டியதுதான என்று மீனாட்சி ஆயிரம் தடவை சொன்னது காதில் ஒலித்தது.

“நீங்க பக்கத்துலயே இருக்கீங்களாம்மா?” மோனிஷாவின் குரல் இளகியிருந்தது.

“வேலிக்கு அந்தப் பக்கந்தானுங்க. கூப்ட்டா வந்துருவோம். இனிக் கூப்பிடலைன்னாலும் வந்துருவோம்.”

பெங்களூர் ரோட்டில் எங்கோ ஒரு கார் நின்ற சத்தம் கேட்டது. மோனிஷா மூக்கை உறிஞ்சினாள்.

“அப்படின்னா சரிம்மா. நீங்க இருந்தா எனக்கு பயமில்ல. அப்பாவை அங்கயே விட்டுடறேன். ஆனா நீங்க யாரும்மா? அப்பா உங்களைப் பத்தி ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே.”

ஐயாக்கண்ணு திரும்பி ரைட்டரைப் பார்த்தார். மீசை துடித்தது.

“சொல்லாத நாளே இல்லீங்க அம்மிணி. செல்வியக்கா புள்ளைக்குக் காய்ச்சல்னு போர்டை எங்கிட்ட விட்டுட்டு ஊட்டுக்குப் போயிருந்த அன்னிக்கு, நீங்க பொறக்கப்போற நேரத்துல, ஜீப் வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் லைன்ல இருந்தது நான்தான்.”